கூடுதலாக ஒரு ஆமென்

அன்று சாயங்காலம் காந்தலில் கெஸியாவின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் பவுல்ராஜ். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்துக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தை நடத்துகிறவர் என்பதால் வெளிச்சம் விழும் இடம் அவருக்கு. அவருக்கு இடப்பக்கம், சுவரோரக் கட்டிலில், மூட்டு வலிக்காகக் காலை நீட்டியபடி தபித்தாள். குன்னூரிலிருந்து வந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் லிஜி. தேவர்சோலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்த களைப்பு அவளுக்கு. வாசற்கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில் கெஸியாவின் தம்பி ரெனிஷ். சமையலறைக்குப் போகும் வழியில், தன் ஸ்வெட்டர் பின்னும் மெஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் கெஸியா.

ஆறாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அறை நடுவில் கிடந்தது. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கும்போது கெஸியா பழக்க தோஷத்தில் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டுவிட்டாள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மனம் வரவில்லை. தபித்தாள் தன் கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டாள்.

வெளியே மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுச் சுவரைத் தின்றுகொண்டிருந்தது.

இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரே எஸ்டேட்டில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், சுவருக்குச் சுவர் குடியிருந்தவர்கள். எஸ்டேட் கைமாறி லயம் காலியானதும் ஆளுக்கொரு மலைச்சரிவில் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கர்த்தரே என்று சொன்னவர்களுக்கு அந்தப் பிரிவு தாங்கவில்லை. வழி சொன்னவன் ரெனிஷ்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரையும் ஒரே போன் அழைப்பில் இணைத்துவிடுவான். ஒருவர் வாய்விட்டு ஜெபிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அவரவர் வீட்டுக் கஷ்டம், வெளியில் சொல்ல முடியாத வியாதி, பிள்ளைகள் பண்ணுகிற தப்பு எல்லாம் அந்த ஜெபத்தில் வந்து விழும். கடைசியில் ஒவ்வொருவராக ஆமென் சொல்ல வேண்டும். அதுதான் அவர்களுக்கு வருகைப் பதிவு.

ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவர்கள் வளர்ந்த முறையில் பெரிய மரியாதைக் குறைவு. அதனால் போன் மடியில் கிடக்கும். திரையில் யார் பெயர் வருகிறது, யார் பெயர் போகிறது என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. குரல் வந்தால் ஆள் வந்த மாதிரி. ஆமென் வந்தால் சுகமாக இருக்கிற மாதிரி.

அந்த நம்பிக்கை இருக்கும்போதுதான் ஜெனிஸ் செத்துப்போனாள்.

ஜெனிஸ் தேயிலை ஃபாக்டரியில் தூள் சலித்துப் பிரிக்கிற வேலையில் இருந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வெலிங்டனில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். மகன் அஸ்வந்த் ஓசூரில் கம்பெனி வேலை. அவனுடன் அறையில் தங்கியிருந்த ஒருவன் கஞ்சா வழக்கில் மாட்டியபோது அஸ்வந்தையும் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டார்கள். அது முடிந்துபோன விஷயம். ஆனாலும் ஜெனிஸுக்குப் பயம் போகவில்லை. போன் ஜெபத்தில் மட்டும், குரலை இறக்கி, அதைச் சொல்லி அழுதாள்.

சில வாரம் கழித்து அவளுக்கு வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவன். உன் மகன் பெயர் மறுபடி வந்திருக்கிறது என்றான். அறைத்தோழன் பெயரைச் சொன்னான், விசாரித்த ஸ்டேஷனைச் சொன்னான். இந்த நிமிஷத்திலிருந்து நீயும் கைது, கேமராவுக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது, மீறினால் மகனுக்குத்தான் ஆபத்து என்றான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஜெனிஸுக்குத் தெரிந்தது மகன் பெயர் மட்டும்.

அன்று சாயங்காலமும் அவளை ஜெபத்துக்கு வரவிட்டார்கள். வராவிட்டால் மற்றவர்கள் தேடுவார்களே. ஆமென் மட்டும் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். களைத்துப்போன ஒரு ஆமென் வந்தது. தொண்டைக் கட்டு போலிருக்கிறது என்றாள் தபித்தாள். மறுநாளும் அதே ஆமென். ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் பால்காரர் கதவை உடைத்தார். ஜெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன். எழுந்து போக விடாததால் நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். போன் சார்ஜரில் இருந்தது, அழைப்பு அப்போதும் அறுபடவில்லை, அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பால்காரர் பல பேரிடம் சொன்னார்.

அஸ்வந்த் வந்தான். தோளில் கை வைத்த யாரிடமும் பேசவில்லை. கல்லறையில் மண் போட்டு முடித்த பிறகு கெஸியாவிடம் மட்டும், "என்ற பேரைச் சொல்லித்தானுங்க கொன்னிருக்காங்க. அப்போ நான் கொன்ன மாதிரிதானுங்களே," என்றான். பிறகு போனிலிருந்து சிம்மை எடுத்துக் கையாலேயே உடைத்தான். இனி எவர் குரலும் எனக்குப் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சபையில் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பையனின் முகம் கெஸியாவை விடவில்லை. பின்னல் மெஷினை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே கேள்விதான். ஓசூர் விஷயம் அந்தப் போலீஸ் வேஷக்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜெனிஸை அடக்கம் செய்த பிறகு மற்றவர்களுக்கும் அழைப்புகள் தொடங்கின. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வழக்கமாக வருகிறவை வேறு. அவற்றைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி இருந்தது. பவுல்ராஜ், கடன் தர முன்வரும் பெண்ணிடம் சொந்த ஊர் எது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று விசாரிக்கத் தொடங்குவார். அந்தப் பெண்ணே கும்பிட்டு வைத்துவிடும். லிஜி பாதி மலையாளத்தில் திட்டுவாள். தபித்தாள், உன் பிழைப்பு நல்லபடி மாறட்டும் மகனே என்று ஆசீர்வதித்துவிட்டு வைப்பாள். ஆனால் இப்போது வந்தவை அப்படி இல்லை. தபித்தாளின் மூட்டு ஆபரேஷன் தள்ளிப்போனது கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. லிஜியின் புருஷனுக்கு மஸ்கட்டில் விசா சிக்கல் என்பது தெரிந்திருந்தது. எல்லாம் ஜெபத்தில் மட்டும் சொன்ன சங்கதிகள்.

அது போதாதென்று இன்னொன்று.

ஜெபத்தின் முடிவில் ஐந்து ஆமென் வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தது.

முதல் நாள் எதிரொலி என்று நினைத்துக்கொண்டார்கள். ரெனிஷும் லைனில் எக்கோ என்றுதான் சொன்னான். மறுநாளும் வந்தது. களைத்துப்போன, உள்ளிழுத்த, பெண் குரல். அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே ஒரு வாரம் ஓட்டினார்கள். கடைசியில் பவுல்ராஜ்தான் உடைத்தார். இது திருட்டுக் கும்பல் வேலை, எவனோ லைனில் உட்கார்ந்து கேட்கிறான், ஒருநாள் நேரில் கூடி ஜெபிப்போம், ஆறாவது ஆள் அப்போது எங்கிருந்து வருகிறான் என்று பார்த்துவிடலாம் என்றார்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"போனையெல்லாம் அமத்துங்க. அமத்தினாப் பத்தாது, கைக்கெட்டாத எடத்துல வைக்கோணும்," என்றார் பவுல்ராஜ்.

கெஸியா இட்லிக் குண்டாவை எடுத்து வந்தாள். தபித்தாள் தன் போனை உள்ளே வைக்கத் தயங்கினாள்.

"அடுப்பு மேல ஏத்திராதே கெஸியா. எம் மருமக வாங்கிக் குடுத்தது."

"வேகட்டும் சேச்சி," என்றாள் லிஜி. "லோன் வேணுமா லோன் வேணுமான்னு கேக்கறவங்க வாயும் சேர்த்து வேகட்டும்."

சிரித்தார்கள். ரெனிஷ் மட்டும் சிரிக்கவில்லை. வேலை விஷயமாக ஒரு கால் வரும் என்று முணுமுணுத்தான். கோயம்புத்தூரில் போனில் கடன் விற்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து, அது போய், வீட்டோடு இருந்தான் அவன்.

"ஆண்டவரோட காலை விடப் பெரிய காலா தம்பி உனக்கு?" என்று பவுல்ராஜ் கை நீட்டினார். ரெனிஷ் கொடுத்தான். அவன் விரல்கள் ஈரமாக இருந்ததைக் கெஸியா கவனித்தாள். குளிரில் எவனுக்கு வியர்க்கும் என்று நினைத்தாள். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அவனை மடியில் போட்டுக்கொண்டேதான் அவள் பின்னல் கற்றாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளித் தள்ளி, பேச்சு வருவதே நின்றுபோனது. அவனுடைய எந்த வியர்வையும் அவளுக்குத் தெரியாததில்லை.

குண்டாவை மூடி, சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

பவுல்ராஜின் ஜெபம் நிதானமாக நீண்டது. தகரக் கூரையில் மழை பிடித்தது. தபித்தாளின் முழங்காலில் தடவிய யூகலிப்டஸ் தைலம், நனைந்த கம்பளி, லிஜியின் மழைக்கோட்டு ரப்பர் என்று அறையின் வாசனைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கெஸியாவின் மூக்குக்கு வந்தன. பிறகு, இவற்றுக்கு அடியிலிருந்து, வேறொன்று வந்தது.

வதங்கிய தேயிலை.

பறித்த இலையை ஃபாக்டரியில் காற்றுவிட்டு வதக்கும்போது ஒரு வாசம் வரும். பாதி பழம், பாதி புல். வேலையை விட்டு எத்தனையோ வருஷமான பிறகும் ஜெனிஸின் பழுப்பு ஸ்வெட்டரில் அந்த வாசம் இருந்தது. அந்த ஸ்வெட்டரைப் பின்னியவள் கெஸியா. அதைப் போட்டேதான் அடக்கம் செய்தார்கள்.

ஜெபம் முடிந்தது.

"ஆமென்," என்றார் பவுல்ராஜ்.

"ஆமென்." தபித்தாள்.

"ஆமென்." லிஜி.

ரெனிஷ் சொல்லக் கொஞ்சம் நேரமானது. "ஆமென்."

"ஆமென்," என்று கெஸியா முடித்தாள்.

மழை மட்டும் கேட்டது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். பவுல்ராஜின் பிரம்பு நாற்காலி, அவர் ஆசுவாசமாகச் சாயும் சத்தத்தோடு கிறீச்சிட்டது.

அறை நடுவிலிருந்து வந்தது அது.

"ஆமென்."

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆயுசு முழுக்கப் பழகிய பழக்கம் அந்த நேரத்தில் இமைகளை இன்னும் இறுக்கிப் பூட்டியது. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைக் கெஸியா செய்தாள். ஜெபம் கலையும் முன்பே கண்ணைத் திறந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

தபித்தாளின் கைப்பை அதன்மேல் இல்லை. கீழே, பக்கத்தில், வார் மடக்கி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

நாற்காலிக்கு அடியில் சிமெண்ட் தரை கறுத்துக்கொண்டு வந்தது. ஈரம். மெதுவாக, ஓரம் பரவி, கெஸியாவின் கால் விரலை நோக்கி.

பவுல்ராஜ், தபித்தாள், லிஜி மூவரும் இமையை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெனிஷ் அப்படி இல்லை. அவன் எப்போதிருந்தோ கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

அப்போது சமையலறையில் இட்லிக் குண்டாவின் மூடி நடுங்கத் தொடங்கியது.

அணைத்து வைத்த போன் அதிர்கிற சத்தம். பாத்திரத்துக்குள் கிடந்ததால் வீடு முழுக்க வண்டு பறக்கிற மாதிரி கேட்டது. நின்றது. பிறகு குண்டாவுக்குள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து பேசுவது போல, ஒரு குரல்.

"தம்பி... ரெனிஷுத் தம்பிங்களா? நான் ஜெனிஸ் அக்கா பேசறேன்."

தபித்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாத்தான் பேசறேன் சாமி. அந்த போலீஸ்காரரு எந்திரிச்சுப் போயிருக்காரு, படத்துல ஆளைக் காணோம். இது உங்க மாமாவோட பழைய பட்டன் போனு. உனக்குப் போனு வெவரமெல்லாம் தெரியும். இது நெசமான போலீஸா தம்பி? என்னால உக்கார முடியலை. நெஞ்சை அடைக்குது. பொய்யின்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கதவைத் தொறந்துட்டுப் பக்கத்து ஊட்டுக்குப் போயிருவேன்."

குரலுக்குப் பின்னால், தூரத்தில், மலை ரயில் கூவிக்கொண்டு வெலிங்டன் வளைவில் திரும்பியது. காந்தலில் ரயில் சத்தம் கேட்காது.

பிறகு இன்னொரு குரல். அந்தக் குரல் மழலை பேசிய நாளிலிருந்து கெஸியாவுக்குத் தெரியும்.

"நெசந்தான் அக்கா. அவங்க சொல்றபடி உக்காந்திருங்க. கதவைத் தொறக்காதீங்க. எங்கக்காகிட்டயும் சொல்லிராதீங்க."

"சரி சாமி," என்றது ஜெனிஸின் குரல். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. "நீ நம்ம ஊட்டுப் பையன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான்.

பவுல்ராஜ் எழுந்துபோய் மூடியைத் திறந்தார். உள்ளே ஐந்து போன்களும் அணைந்தபடியே கிடந்தன. ஒன்றின் கண்ணாடியில் மட்டும் யாரோ கிட்ட வைத்துப் பேசியது போல மூச்சுப் படலம். அது ரெனிஷின் போன். அவர் அதைத் தொடாமல் மூடியை வைத்துவிட்டார்.

ரெனிஷ் முக்காலியிலிருந்து நழுவி அக்காவின் காலடியில் உட்கார்ந்தான். உடைந்து உடைந்து சொன்னான். தினமும் ஜெபத்தை ரெக்கார்ட் செய்தானாம், வர முடியாதவர்கள் பிறகு கேட்கட்டும் என்றுதான். கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்தவன் அதைக் கேட்டு வாங்கினான். எதற்கு என்று தெரியும், ஆனால் இவ்வளவுக்கு என்று தெரியாது. ஜெனிஸ் போன் செய்தபோதுதான் முழுசும் புரிந்தது.

"புரிஞ்சப்பறம் ஏன்டா சொல்லலை?" என்றாள் கெஸியா. அவள் குரல் உயரவில்லை. "பொய்யின்னு ஒரு வார்த்தைதானே கேட்டா."

"சொல்லியிருந்தா ஜெனிஸ் அக்கா வெளிய வந்திருக்கும். போலீஸுக்குப் போயிருக்கும். என்னையப் புடிச்சிருப்பாங்க. கொஞ்ச நேரத்துல மெரட்டிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். செத்துப்போகும்னு எனக்கெப்படித் தெரியும்?"

கெஸியா மற்றவர்களைப் பார்த்தாள். யாராவது அவனை அடிப்பார்கள், யாராவது அழுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

பவுல்ராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இது சபைக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். அடுத்த மாதம் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஜெபக்குழுவே காட்டிக்கொடுத்து ஒருத்தியைச் சாகடித்தது என்று பேச்சு வந்தால் எவன் வருவான்? தபித்தாள் தலையாட்டினாள். செத்தவள் ஆண்டவரிடம் போய்விட்டாள், இருக்கிற பையனைக் காப்பாற்றுவதுதான் நமக்கு உள்ள வேலை என்றாள். ஜெனிஸுடன் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு பிள்ளை வளர்த்தவள் அவள். லிஜி தன் போனை எடுத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் சேச்சி என்று எழுந்தாள்.

"அஸ்வந்து தன்னாலதான் அம்மா செத்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கான்," என்றாள் கெஸியா.

"காலம் போனா மறந்துருவான்மா," என்றார் பவுல்ராஜ், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஒருவரும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். தபித்தாள் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. லிஜியை விட்டு எடுத்துவரச் சொன்னாள்.

வீட்டில் இரண்டு பேர் ஆனதும் ரெனிஷின் அழுகை நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"போலீஸுக்குப் போய் என்னன்னு சொல்லுவே? செத்தவ இட்லிக் குண்டாவுல இருந்து பேசினான்னா?" என்றான். "சிரிப்பாங்க அக்கா. என்ற போன்ல அந்தப் பேச்சே கெடையாது. நான் எதையும் வெச்சுக்கலை."

கெஸியா அவனை அண்ணாந்து பார்த்தாள். காய்ச்சலில் கிடக்கும்போது விடிய விடிய அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கின முகம். அந்த முகத்தில் இப்போது ஒரு கணக்குத் தீர்ந்த தெளிவு இருந்தது. ஜெனிஸ் வெளியாள். ஆனால் 'எங்கக்காகிட்டயும் சொல்லிராதீங்க' என்றானே, அதைச் சொல்லும்போதும் இந்த முகம்தான் இருந்திருக்கும். அதற்கப்புறம் அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான். அடக்கத்தில் அவள் பக்கத்தில் நின்று குடை பிடித்திருக்கிறான்.

அவள் ஒரு துணியை எடுத்து நாற்காலிக்குக் கீழே துடைத்தாள். துடைத்த துணியில் வதங்கிய இலை வாசம் அடித்தது.

காலையில் குளியலறைக்குப் போனபோது வாளியில் தண்ணீருக்கடியில் ரெனிஷின் போன் கிடந்தது. அவன் கதவோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அணைச்சேன், சிம்மைக் கழட்டினேன். நிக்கலை. தண்ணிக்குள்ள போட்டும் நிக்கலை அக்கா."

கெஸியா குனிந்து பார்த்தாள். கறுத்த திரை. அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலேறி வந்து உடைந்தன. கொஞ்சம் விட்டு, மறுபடி கொஞ்சம். யாரோ தண்ணீருக்குள் இருந்து, அவசரப்படாமல், வார்த்தை வார்த்தையாகப் பேசுவது போல.

அவள் முன்னறைக்கு வந்து, ஸ்வெட்டர் வைக்கும் மேஜையைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். அஸ்வந்துக்குப் போன் கிடையாது. இருந்தாலும் இனி எந்தக் குரலை அவன் நம்புவான்? எழுத்துதான் போக வேண்டும். குண்டாவைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் அவள் எழுதவில்லை. ஜெபத்தில் சொன்னதை ரெக்கார்ட் செய்து கொடுத்தவன் என் தம்பி ரெனிஷ் என்று எழுதினாள். உன் அப்பாவின் பழைய பட்டன் போனிலிருந்து அம்மா அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள், அவன் நிஜம் என்று சொன்னான், அந்த அழைப்பு நடந்ததற்குப் போன் கம்பெனியில் பதிவு இருக்கும், போலீஸ் கேட்டால் கொடுப்பார்கள் என்று எழுதினாள். இதை அவன் என்னிடம் ஒப்புக்கொண்டான், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்லுகிறேன் என்றும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி.

'உன் பெயரால் உன் அம்மா சாகவில்லை அஸ்வந்த். அவள் நம்பியது எங்களை.'

கையெழுத்துப் போட்டு, மடித்து, உறையில் இட்டு, கோந்து தடவி ஒட்டினாள். தபால்தலையை ஒட்டும்போது பின்னால் நிழல் விழுந்தது. ரெனிஷ் முகவரியைப் படித்துவிட்டான்.

அவன் கத்தவில்லை. சின்ன வயதில் கடைக்குப் போய்வரக் காசு கேட்கும் அதே குரலில், கையை நீட்டினான்.

"மழை பெய்யுதுக்கா. குடு, நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்."

முந்தின நாள்வரை எத்தனையோ கடிதங்களை அந்தக் கையில் கொடுத்திருக்கிறாள். கெஸியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூடுபனி படிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. தெருமுனைக் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அதையடுத்து, பாசி படிந்த சுவரில், சிவப்புத் தபால்பெட்டி. அவள் உறையை எடுத்து அதன் வாயில் பாதி நுழைத்தாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

உறையின் இந்த முனையில் அவள் விரல். விட்டால் அவன் ஜெயிலுக்குப் போவான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவளும் பின்னல் மெஷினும்தான். அவனுக்குப் பால் புகட்டிய சங்கு நினைவுக்கு வந்தது. விரல்கள் விறைத்துக்கொண்டன. விட முடியவில்லை. திரும்ப எடுக்கவும் முடியவில்லை. குடைக்கம்பி வழியாக மழை அவள் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது உறை அசைந்தது.

காற்று என்று நினைத்தாள். தெருவில் காற்றே இல்லை.

பெட்டிக்குள்ளிருந்து, உறையின் அந்த முனையை யாரோ பிடித்திருந்தார்கள். இழுத்துப் பறிக்கவில்லை. குழந்தை கையில் இருக்கும் பொருளை, அது அழாமல், பதமாக வாங்குவது போல ஒரு சின்ன இழுப்பு. காத்திருந்தார்கள். மறுபடி ஒரு சின்ன இழுப்பு.

கெஸியா விரல்களை விட்டாள்.

கடிதம் உள்ளே போயிற்று. அடியில் விழுகிற சத்தத்துக்காக அவள் குடையைச் சாய்த்து, காதைக் கொடுத்து, நெடுநேரம் நின்றாள்.

விழவே இல்லை.